சித்தி தேடிய கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சித்தி. உண்மையில் ஒருத்திக்குத்தான் சித்தி. அக்காள் மகள் அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்தில், உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறதென்று கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். அந்தப் பெண் நாள் முழுக்க, "சித்தி, ஐஸ் எங்கே? சித்தி, இந்த மூடி திறக்கல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில் கூட இருந்தவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. அக்காள் மகள் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் பறந்துவிட்டாள். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. கண்ணாடிக் குப்பிகள் கழுவுகிற பெரியவர், சித்தியைவிட ரொம்பவே மூத்தவர், அவரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை வெளியிலிருந்து வந்த விருந்தாளிகளிடம் பேராசிரியை, "இந்தப் பகுதியைச் சித்தி விளக்குவாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இங்கே வருவதற்கு முன் அவள் ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். ஊசி குத்தியதே தெரியாது என்று பெயர் வாங்கியவள். காலை முழுக்க யாரோ ஒருவருடைய இரத்தம், யாரோ ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி, இயந்திரம் சொல்கிற பதில். அந்தப் பதிலை அச்சிட்டு நீட்டுவதோடு இவள் வேலை முடிந்தது. ஒருநாள் ஒரு நோயாளியின் உப்பு அளவைப் பார்த்துவிட்டு, "இது ஏன் சார் இப்படி இருக்கு?" என்று மேலதிகாரியைக் கேட்டாள். "உங்களுக்கு எதுக்கும்மா அது?" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு எதற்கு அது என்று அவருக்கு நிஜமாகவே புரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து, இங்கே கேள்வி கேட்பதற்குத்தான் சம்பளமே என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச காலம் உதவியாளராக எல்லோருக்கும் கரைசல் கலந்து கொடுத்தாள். அப்புறம் பேராசிரியையே பிடித்துத் தள்ளி, சித்தியின் மகள் கல்லூரியில் சேர்ந்த அதே வருடம் இவளையும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய வைத்தார். வீட்டில் இரண்டு மாணவிகள், ஒரே மேசை. மேசைக்கு நடந்த சண்டையில் பெரும்பாலும் தோற்றது தாய்தான். அடுப்பங்கரையில் பாத்திரம் கவிழ்க்கிற மேடையில் நின்றுகொண்டே படிப்பாள்.

அவளுடைய கேள்வி இதுதான். ஒரு புரதம் உண்டு. அது மூளைச் செல்களில் மட்டும்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி சிறுநீரகச் செல்களை உப்புக் கூடிய நீரில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணு மெல்ல விழித்துக்கொள்வது தெரிந்தது. மரபணு விழித்தால் போதுமா? உத்தரவு போடுவது வேறு, பொருள் வந்து சேர்வது வேறு, குடும்பம் நடத்துகிற யாருக்கும் இது தெரியும். சிறுநீரகச் செல்லுக்குள் அந்தப் புரதம் நிஜமாகவே இருக்கிறதா இல்லையா? வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி. அதை அவள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவளுடைய கணவரை அறிமுகப்படுத்தாவிட்டால் கதை நகராது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கூரைமேல் பலகை வைத்த சின்னக் கார், அவர் காலடியிலும் ஒரு பிரேக். அந்தக் காருக்குள் ஏறியவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவர் சொல்வதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அவருக்கோ வாய் ஓயாது.

"கிளட்சை மெதுவா விடுங்க. எங்க வீட்டம்மா ஒரு புரதத்தைத் தேடுறாங்க, தெரியுமா? இண்டிகேட்டரைப் போடுங்க. எப்படித் தேடுவாங்கன்னு கேளுங்க. கூட்டத்துக்குள்ள ஒரு ஆளை அனுப்புவாங்க. அவன் போய்த் தேடுற ஆளோட கையை இறுக்கிப் பிடிச்சுக்குவான். அந்த ஆளுக்குப் பேரு ஆன்டிபாடி. ஆனா அவனும் நம்ம கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால பின்னாடியே இன்னொருத்தனை டார்ச் லைட்டோட அனுப்புவாங்க. அவன் முதல் ஆளைப் பிடிச்சுக்குவான். எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க நம்ம ஆள் இருக்கான். பிரேக், பிரேக்!"

சித்தி வீட்டில் சொன்னதுதான் இவ்வளவும். அவர் வாய்க்குள் போனதும் அது ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர், தபால்காரர், பல் மருத்துவரின் மனைவி, அவரிடம் கற்றுத் தேறியவர்கள், தேறாதவர்கள் என்று தெருவில் பாதிப் பேருக்குச் சித்தியின் ஆராய்ச்சி அத்துப்படி. வெளிச்சம் விழுந்த இடம் கணினித் திரையில் ஒரு சின்னக் கறுப்புக் கோடாகத் தெரியும் என்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். சித்தி பேருந்துக்கு நிற்கும்போது ஒரு கார் திணறித் திணறி வந்து நிற்கும். உள்ளேயிருந்து முன்பின் தெரியாத ஒரு முகம், "என்னக்கா, கோடு வந்துச்சா?" என்று கேட்கும்.

கோடு வந்துதான் இருந்தது. முயலிடமிருந்து எடுத்த ஓர் ஆன்டிபாடியை விலைக்கு வாங்கி, அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சித்தி அழகழகாகக் கோடு எடுத்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகச் செல்லில் இதோ புரதம், உப்பு கூடினால் இதோ கூடுகிறது. பேராசிரியை அந்தப் படங்களைப் பெரிதாக அச்சடித்து நடைவழியில் மாட்டியிருந்தார். கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே கத்தரித்து எடுத்துவிட்ட செல்கள் சமீபத்தில்தான் தயாராயின. அவற்றில் கோடு மறைய வேண்டும். ஆளே இல்லாத வீட்டில் யார் கையைப் பிடிப்பது?

கோடு மறையவில்லை. அதே இடத்தில், அதே கறுப்பில், அசையாமல் நின்றது.

சித்தி முதலில் செல்களைத்தான் சந்தேகப்பட்டாள். செல்களைச் சரிபார்த்தாள். மரபணு நிஜமாகவே இல்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் கோடு. அப்படியானால் அந்த முயல் ஆன்டிபாடி இரண்டு வருடமாக வேறு யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு, இவர்தான் அவர் என்று சத்தியம் பண்ணியிருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனாள்.

"மேடம், நம்ம கோடு பொய்."

பேராசிரியை படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எழுந்து போய், நடைவழியில் மாட்டியிருந்ததைக் கழற்றி வந்து, முகம் சுவர்ப் பக்கம் திரும்பும்படி சாய்த்து வைத்தார்.

"அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது, சித்தி. உங்ககிட்ட மறைக்க விரும்பல. காட்ட எதுவுமே இல்லன்னா இந்தக் கேள்வியை மூடச் சொல்லிடுவாங்க. உங்க பதிவும் போயிடும். உதவியாளர் வேலை இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப இந்தக் கேள்வி?"

"வேற யாராவது எப்பவாவது கேப்பாங்க."

மற்ற எதையும்விட இதுதான் சித்திக்குச் சுருக்கென்று தைத்தது. இதை யாரோ ஒருவர் எப்போதோ கேட்கப்போகிறார், இவள் அவருக்குக் கரைசல் கலந்து கொடுப்பாள். முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வாயைத் திறந்து மட்டும் சொல்லவில்லை.

பத்திரிகைகளைத் தேடித் துழாவியதில், கடல் தாண்டி ஒரு விஞ்ஞானி அதே புரதத்துக்கு ஓர் ஆட்டிடமிருந்து ஆன்டிபாடி எடுத்திருந்தது தெரிந்தது. சித்தி தன் கதையை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி அவரிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர். மிச்சமிருந்ததை ஒரு சின்னக் குழாயில், குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். 'இவ்வளவுதான் இருக்கிறது. அந்த ஆடும் இப்போது இல்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தார். எப்படிப் பயன்படுத்துவது, எதில் கவனம் வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. குழாயின் அடியில் சில சொட்டுகள்.

"ஆட்டைப் பிடிக்க யாரை அனுப்பப்போற?" என்று கேட்டார் கணவர், சாப்பிடும்போது.

"கழுதையை."

"கிண்டல் பண்ணாதே."

"நிஜமாத்தாங்க. ஆட்டோட ஆன்டிபாடியைப் பிடிக்கிறதுக்குக் கழுதைகிட்டேர்ந்து எடுத்த ஆன்டிபாடி. கழுதைதான் டார்ச் லைட் கொண்டுபோகும்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் காலையிலேயே ஊருக்கு இதைச் சொல்ல வேண்டுமே என்ற அவசரம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சித்தியின் கைவேலையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். செல்களை உடைத்து, அதிலுள்ள புரதங்களையெல்லாம் ஜெல்லி போன்ற ஒரு பலகையில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுவாள். சின்னப் புரதங்கள் வேகமாக ஓடும், பெரியவை ஆடி அசைந்து வரும். வரிசை பிரிந்ததும் அவற்றை அப்படியே ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றுவாள். உள்ளங்கை அகலத் தாள். அந்தத் தாளுக்கு ஒரு கெட்ட குணம், எந்தப் புரதம் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடியும் புரதம்தானே? அதைச் சும்மா ஊற்றினால் தாளின் வெற்றிடத்தில் எல்லாம் அப்பிக்கொண்டுவிடும். அதனால் முதலில் தாளைப் பாலில் ஊறவைப்பாள். பால் பவுடரைக் கரைத்த சாதாரணப் பால்தான். பாலிலுள்ள புரதங்கள் வெற்றிடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும், ஆன்டிபாடிக்கு உட்கார இடமிருக்காது, தன் ஆளைத் தேடித்தான் போக வேண்டும். அலமாரியில் எப்போதும் ஒரு டப்பா பால் பவுடர் இருக்கும். புதிதாக வருகிற மாணவர்கள் அதில் காபி போடப் போய்த் திட்டு வாங்குவார்கள். முயல் காலம் முழுவதும் சித்தி பாலில்தான் ஊறவைத்தாள். கை அதற்கே பழகியிருந்தது.

ஆட்டு ஆன்டிபாடியில் ஒரு துளியைப் பாலில் கலந்து தாளின்மேல் ஊற்றினாள். கழுவினாள். கழுதையை அனுப்பினாள். மறுபடி கழுவினாள். ஒளி எழுப்பும் நீரைத் தெளித்து, கேமரா பொருத்திய இருட்டுப் பெட்டிக்குள் தாளை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

தாள் முழுவதும் கன்னங்கரேலென்று இருந்தது. கோடும் இல்லை, இடைவெளியும் இல்லை. யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது.

"கழுவினது போதலையோ?" என்றார் பேராசிரியை. அடுத்த முறை சித்தி துணி துவைப்பதுபோல் அலசி அலசிக் கழுவினாள். கறுப்பு. கழுதையைக் குறைத்து ஊற்றிப் பார்த்தாள். கறுப்பு. பாலைக் கெட்டியாகக் கரைத்து, தாளை இன்னும் அதிக நேரம் ஊறவைத்தாள். முன்னைவிடக் கறுப்பு. குழாயில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம். குழு வருவதற்கோ அதிக நாள் இல்லை. மாணவர்கள் அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாவு வீடு மாதிரி அவர்கள் கிசுகிசுத்ததுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் காய்கறி வாங்க ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தாள். வாசலிலேயே யாரோ ஒருவர், "கோடு என்னாச்சுங்க? கழுதைய அனுப்பிட்டீங்களாமே?" என்று விசாரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள். வீட்டுக்காரருக்கு போன் போட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டாள், எடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வெங்காயக் குவியலின் முன்னால் அவரே நிற்கிறார். அதே கூன் விழுந்த தோள், உச்சியில் அதே வட்ட வழுக்கை, இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அதே நிலை. விறுவிறுவென்று போய், கையிலிருந்த பையை அவர் கையில் திணித்தாள்.

"போன் பண்ணா எடுக்க மாட்டீங்களா? ஊர் பூரா தம்பட்டம் அடிச்சாச்சு, இப்ப போறவன் வர்றவன் எல்லாம் என்கிட்ட கழுதையைப் பத்திக் கேக்குறான். வாயா அது? காரை நிறுத்தத் தெரியுது, வாயை நிறுத்தத் தெரியல. எல்லாம் நான் கொடுத்த இடம்..."

அவர் திரும்பினார். அவர் இவர் இல்லை. கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பெரியப்பா மகன். வங்கியில் வேலை பார்க்கிறவர், பரம சாது. அவரைக் கண்டால் சித்தி குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டாள்.

சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பையை இரண்டு கைகளாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா," என்றார் தணிந்த குரலில். "அவன்கிட்ட சொல்லிடறேன்."

"ஐயோ மாமா, மன்னிச்சுக்கங்க. பின்னாடியிருந்து பாத்தா அப்படியே அவர்தான்."

"எங்க குடும்பமே அப்படித்தாம்மா. பங்காளிங்க எங்க எல்லாருக்கும் முதுகு ஒண்ணுதான். முகத்தைப் பாத்தாத்தான் தெரியும். என் வீட்டுக்காரியே ஒருதடவை உன் வீட்டுக்காரனைத் திட்டியிருக்கா."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளோடு அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் சட்டென்று நிறுத்தினாள். ஆன்டிபாடியின் முன்பக்கம் தன் ஆளைப் பிடிக்கும், பின்னால் வருகிற கழுதை முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகைத்தான் பார்க்கும். ஆட்டின் முதுகு தெரிந்தால் பிடித்துக்கொள்ளும். ஆட்டின் பங்காளி யாராவது அங்கே நின்றால்?

"மாமா, ஆட்டுக்கு மாடு என்ன உறவு?"

"என்னம்மா கேக்குற?"

"ஆடும் மாடும் ரொம்ப நெருங்கின ஜாதி மாமா. ஒரே குடும்பம். பால்ல மாட்டோட ஆன்டிபாடி இருக்கும். நான் தாள் பூரா பாலை ஊத்தி வச்சிருக்கேன்."

அவர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார். சித்தி அதற்குள் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பை அவர் கையிலேயே இருந்தது. அதை அவர் வெங்காயத்தோடு சேர்த்து அன்று இரவே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார் என்பதையும், தம்பிக்கு அளந்து அளந்து நல்ல டோஸ் விட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடை வாசலில் நின்றபடி பேராசிரியைக்கு போன் செய்தாள். "மேடம், பால்தான் மேடம். மாட்டுப்பால். தாள் முழுக்க மாட்டோட முதுகு. கழுதை அது எல்லாத்தையும் ஆடுன்னு நினைச்சுப் பிடிச்சிருக்கு. முயலுக்கு மாடு உறவில்ல, அதான் அப்ப ஒண்ணும் ஆகல. பாலைக் கெட்டியாக்கினதும் கறுப்பு கூடிச்சே, அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

 மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது.

"நானும்தானே பக்கத்துல நின்னு பாத்தேன், சித்தி. முயலையே கட்டிக்கிட்டு அழுததுல நம்ம ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்ல. நாளைக்கே செய்யலாம். பாலுக்குப் பதிலா என்ன?"

"மீன். மேல்மாடியில இருக்கறவங்ககிட்ட மீன் தோல்லேர்ந்து எடுத்த ஜெலட்டின் இருக்கு. மீனுக்கும் ஆட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

மறுநாள் சித்தி புதுச் செல்களிலிருந்து ஆரம்பித்தாள். செல்கள் வளர்கிற நீரிலும் கன்றுக்குட்டியின் சீரம் கலந்திருக்கும். அதனால் உடைப்பதற்கு முன் அவற்றை மாட்டின் வாசனைகூடப் போகிற வரைக்கும் கழுவினாள். பால் டப்பாவை யாரோ பழக்கதோஷத்தில் மேசைமேல் வைத்துவிட, அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். குழாயில் மிஞ்சியிருந்ததை ஒரு சொட்டும் சிந்தாமல் உறிஞ்சி மீன் ஜெலட்டினில் கலந்தது ஊசி பிடித்துப் பழகிய கை.  ஊற்றிய ஆன்டிபாடியைக் கொட்டிவிடாமல் சேமித்தும் வைத்தாள். ஒருமுறை வேலை செய்தால் அதையே மறுபடி பயன்படுத்தலாம்.

தாளை இருட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் பேராசிரியை, அவருக்குப் பின்னால் மாணவர்கள், குப்பி கழுவுகிற பெரியவரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். 

முதலில் திரை வெறும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையைக் கண்டே சித்திக்கு உயிர் வந்தது. ஆட்டு ஆன்டிபாடி வந்ததிலிருந்து அதைக்கூட அவள் பார்த்ததில்லை. பிறகு இடது பக்கம், சாதாரணச் சிறுநீரகச் செல்கள் ஓடிய பாதையில், நகக்கீறல்போல ஒரு மெல்லிய கோடு. கொஞ்சம் கொஞ்சமாக அது கறுத்தது. உப்பு கூடிய செல்களில் இன்னும் தடிமனாக ஒன்று. பழைய பொய்க்கோடு நின்ற இடத்தில் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே, புத்தகம் சொன்ன எடையில். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வலது பக்கத்தைப் பார்த்தாள். மரபணுவை வெட்டிய செல்கள் ஓடிய பாதை. காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள். அங்கே ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளை.

"அந்தப் பாதையில சரக்கே ஏறலையோ என்னமோ," என்றார் பேராசிரியை மெதுவாக. சந்தேகப்படுவதுதான் அவர் தொழில்.

சித்தி அதே தாளில் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றி, எல்லாச் செல்லிலும் இருக்கிற ஒரு சாதாரணப் புரதத்தைத் தேடினாள். எல்லாப் பாதையிலும் அது ஒரே அளவில் கிடைத்தது. சரக்கு ஏறியிருந்தது. ஆள்தான் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, இருக்கக் கூடாத இடத்தில் இல்லை.

சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, இரண்டும் சேர்ந்துகொண்டு அவளைப் பாடாய்ப் படுத்தின. பெரியவர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். பேராசிரியை அவளைக் கட்டிக்கொண்டார். சித்தி தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, சேமித்து வைத்த ஆன்டிபாடியோடு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். ஒருதடவை வந்ததை அவள் நம்பத் தயாராக இல்லை. அந்த வாரமே அது திரும்பவும் வந்தது, அச்சுப் பிசகாமல்.

குழு வந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் சித்தி தனியாக. பேராசிரியையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சித்தி முதல் படமாகப் போட்டது புதிய கோடு அல்ல, பழைய பொய். இரண்டு வருடம் இதை நம்பினோம், இன்ன சோதனையில் இது பொய்யென்று தெரிந்தது என்று சொன்னாள். அடுத்தது கன்னங்கரேலென்ற தாள். பாலைப் பற்றிச் சொன்னபோது ஒரு உறுப்பினர் தன்னையறியாமல் நெற்றியைத் தட்டிக்கொண்டார். அவருடைய ஆய்வுக்கூடத்திலும் ஏதோ கறுப்புத் தாள் இருந்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் புதுக் கோடு.

குழுத் தலைவி சிரிக்காத அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் தப்பான கோட்டை வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. இப்ப இதுதான் சரின்னு சொல்றீங்க. இதுவும் தப்புன்னு நாளைக்கு யாராவது வந்து சொன்னா?"

சித்தி யோசித்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாராவது வர்றதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லிடுவேங்க. போன தடவையும் நான்தான் சொன்னேன். எனக்குக் கோடு முக்கியமில்லைங்க. அது இருக்கா இல்லையான்னு தெரியணும்."

தலைவி பேனாவை எடுத்தார். ஏதோ எழுதினார். அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடைவழியில் பேராசிரியை குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலைவியே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"உங்க கேள்வியை நீங்களே முடிங்க. பதிவு தொடரும்," என்றார் சித்தியிடம். போகப் போனவர் நின்று, "நல்லாக் கேட்டிருக்கீங்க" என்றார்.

சித்தி ஜன்னல் பக்கம் போய்க் கணவருக்கு போன் செய்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னணியில் இன்ஜின் உறுமியது. கியர் போடத் தெரியாத யாரோ படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, சரின்னுட்டாங்க. என் கேள்வி என்கிட்டயே இருக்கு. நானே முடிக்கலாம்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க," என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது கேட்டது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் பேசாமலிருந்து அவள் பார்த்ததில்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். இன்னொரு தடவை சொல்லு."

சித்தி இன்னொரு தடவை சொன்னாள். அவளுக்கும் அதை இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.